காய் ஸ்டோரில் நின்ற பர்மாக்காரர்

"சென்னை ஏலத்துக்கு ஒரு சாமான் போகுது" என்று போடியில் நான் யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "கிலோ என்ன விலைக்குப் போகும்?" என்பதுதான். எங்கள் ஊரில் ஏலம் என்றால் ஏலக்காய் ஏலம்தான். பதின்மூன்று வருடமாக இதே கேள்வி. சிலை, பழைய சீனா ஜாடி, பர்மா அரக்குப் பெட்டி, ஜப்பான் பீங்கான் என்று விளக்கிச் சொன்னால் அடுத்த கேள்வி இன்னும் மோசம். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போலீஸ் கேசு ஒண்ணும் வராதுல்ல?" என்பார்கள். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, கோயில் சாமானைத் தொடக்கூட மாட்டேன், நூறு வருடம் தாண்டிய சிலை என்றால் பதிவுச் சான்று இல்லாமல் வாங்க மாட்டேன் என்று நான் மூச்சுவாங்கச் சொல்லி முடிக்கும்போது, கேட்டவர் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

என் அண்ணன் ஏலக்காய்க்காரர். மலைமேல் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. பறித்த பச்சைக் காயை உலர்த்த அங்கேயே ஒரு ஸ்டோர் வைத்திருக்கிறார். கீழே ஊருக்குள் கடை. நானும் பத்து வருடம் அந்தக் கடையில் காயைச் சலித்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவன்தான். ஒருநாள் தோட்டத்துப் பங்களா ஒன்றைக் காலி செய்கிறார்கள் என்று வேடிக்கை பார்க்கப் போய், குப்பையோடு கிடந்த ஒரு சீனத்து நீலப் பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதோடு காய் வியாபாரத்தின் மேல் இருந்த மனம் போய்விட்டது. அண்ணன் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டாவது போயிருக்கலாம். அதைவிட எரிச்சலான காரியத்தைச் செய்தார். எனக்கு உதவி செய்தார்.

தனக்குத் தெரிந்த காய் வியாபாரிகளையெல்லாம் என்னிடம் அனுப்பினார். "நம்ம தம்பிகிட்ட ஏதாச்சும் ஒண்ணு எடுத்துக்கங்கய்யா" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார். அவர்களும் வந்தார்கள். பொருளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எது சின்னதோ அதை எடுத்துப் போனார்கள். பர்மா அரக்குப் பெட்டியில் ஒருவர் கடைச் சாவிகளைப் போட்டு வைத்திருக்கிறார். சீனா ஜாடி வாங்கியவர் வீட்டில் அதில் எலுமிச்சை ஊறுகாய் கிடக்கிறது. "ஊறுகா கெடாம நிக்குதுப்பா" என்று என்னைப் பாராட்டவும் செய்தார். நான் விற்றதில் பெரும்பாதி இப்படி அண்ணன் முகத்துக்காகப் போனதுதான். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என்னையும் தெரியாத, அண்ணனையும் தெரியாத யாரோ ஒருவர், நான் கண்டெடுத்த பொருளைப் பார்த்து, அது வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்க வேண்டும். ஒருமுறையாவது அது நடக்காவிட்டால், எனக்கு ஒரு தொழில் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருப்பதே பொய்.

அந்த நேரத்தில்தான் பர்மாக்காரர் கிடைத்தார். அப்படித்தான் அவரை வீட்டில் கூப்பிட்டோம். சாந்தன்பாறைப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களா. அதன் சொந்தக்காரர்கள் வெளிநாட்டோடு தங்கிவிட்டதால் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றார்கள். உணவறை அலமாரிக்கு மேலே, பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கு இடையில் மண்டியிட்டுக் கைகூப்பியபடி இருந்தார். புத்தரைக் கும்பிடும் சீடர். பர்மாவில் செதுக்கிய மரச்சிலை, இரண்டடி உயரம், மேலே அரக்குப் பூசித் தங்க ரேக்கு ஒட்டியது. முழங்காலில் மட்டும் தங்கம் தேய்ந்து மரம் தெரிந்தது. தலை ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது, கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாரோ கூப்பிட்ட மாதிரி. பதிவுச் சான்றும் விற்பனைக் கடிதமும் சரியாக இருந்தன. வேறு யாரையும் தொடவிடாமல் நானே அவரைக் கீழே இறக்கினேன்.

படம் எடுத்துச் சென்னையில் ஓர் ஏல நிறுவனத்துக்கு அனுப்பினேன். இதற்கு முன்பும் அவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு படம் அனுப்பியிருக்கிறேன். "தற்போது எங்களுக்கு ஏற்றதாக இல்லை" என்று ஒரே மாதிரி பதில் வரும். இந்த முறை அங்கே சிலைகளைக் கவனிக்கும் பெண் தானே போன் செய்தார். "சார், அந்தத் தலை சாய்ஞ்சிருக்கிறது நெஜமாவே அப்படியா, இல்ல போட்டோவுல அப்படித் தெரியுதா?" என்று கேட்டார். என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நெஜமாவேதான் மேடம் என்றேன். பெரிய ஏலத்தில் சேர்த்துக்கொள்வதாகவும், ஏலப் பட்டியல் புத்தகத்தில் முழுப் பக்கம் போடுவதாகவும், மூன்று வாரத்தில் கொண்டுவரும்படியும் சொன்னார். அன்று முழுக்க நான் கால் தரையில் பாவாமல் நடந்தேன்.

இனிமேல் நடந்ததைச் சொல்ல எனக்கே எரிச்சலாக இருக்கிறது. சிலையை ஜீப்பில் ஏற்றி வந்த அன்று மலையில் அடைமழை. மேலே கட்டியிருந்த தார்ப்பாயை டிரைவர் என்ன லட்சணத்தில் கட்டினாரோ, வளைவில் ஒரு பக்கம் அவிழ்ந்து, சுற்றியிருந்த போர்வை வரை நனைந்துவிட்டது. வழியில் அண்ணன் தோட்டம். மேற்கொண்டு அந்த மழையில் கொண்டுபோகப் பயந்து அங்கேயே இறக்கினேன். மறுநாள் சிலமலையில் என் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம். நான் போகாவிட்டால் அந்த வீடு இடிந்து விழுகிற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் சிலையை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு, "தண்ணி எறங்கியிருக்கு. ஈரம் போகணும். கொஞ்சம் பாத்துக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

நிழலில், காற்றாட, நாட்கணக்கில் சும்மா வைத்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதை ஏன் சொல்லாமல் வந்தேன் என்று இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன். ஈரம் போக வேண்டும் என்று ஓர் ஏலக்காய்க்காரரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? வாழ்நாள் முழுக்க எதைச் செய்தாரோ அதைத்தான் செய்வார்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது அண்ணன் வாசலிலேயே சிரித்த முகமாக நின்றார். "வா வா. ஒஞ்சாமான் சுக்கா ஆயிருச்சு" என்றார்.

"சுக்காவா? எங்கண்ணே வச்சிருக்கீங்க?"

"ஸ்டோர்லதான். வேற எங்க வைக்க?"

காய் ஸ்டோர் என்பது ஓர் அடைத்த அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடு குழாய் வழியாக உள்ளே போகும். கம்பி வலைத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும், அதில் பச்சைக் காயைப் பரப்பினால் மறுநாள் காய்ந்து வரும். உள்ளே தலையை நீட்டினால் கண்ணாடி அணிந்தவருக்கு ஆவி படிந்து கண்ணாடி மங்கிவிடும், எனக்கும் அப்படித்தான் ஆனது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். நடு அடுக்கில் இரண்டு தட்டை உருவிவிட்டு, அந்த இடத்தில் பர்மாக்காரரை நிறுத்தியிருந்தார்கள். அவருக்கு மேலேயும் கீழேயும் காய். அவர் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

"ஒரு பக்கமே சூடு படக்கூடாதுன்னு பாதியில ஒருவாட்டி திருப்பி விட்டேன்" என்றார் அண்ணன். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் வைத்தேன். முன்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. முதுகில், பிடரியிலிருந்து இடுப்பு வரை, ஒரு விரல் நகம் நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது. வெடிப்பின் இரண்டு பக்கமும் அரக்கு கொப்பளித்துத் தங்க ரேக்கு எழும்பி நின்றது. எத்தனையோ வருடம் பங்களாவின் குளிரில் சும்மா இருந்த மரத்துக்கு இரண்டே நாளில் இந்தக் கதி.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணனுக்கு முதலில் விஷயமே புரியவில்லை. "மரந்தானேப்பா, காஞ்சா வெடிக்கத்தானே செய்யும்? கதவு நிலை வெடிக்கலையா?" என்றார். பிறகு நான் முழுப் பக்கப் படத்தைப் பற்றியும், பெரிய ஏலத்தைப் பற்றியும், பதின்மூன்று வருடத்தைப் பற்றியும் சொல்லச் சொல்ல, அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தது. சிலைக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "நல்லதுன்னு நெனச்சுத்தாண்டா செஞ்சேன்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. கெட்டது என்று நினைத்துச் செய்திருந்தால் மனதாரத் திட்டலாமே.

மூன்று வாரத்தில் இரண்டு போயிருந்தது. நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பழைய கதவுகளைச் சீர் செய்யும் ஆசாரி ஒருவர் போடியில் இருக்கிறார், கைகாரர். மெழுகில் மரத்தூளைக் குழைத்து வெடிப்பை அடைத்து, மேலே கறுப்பரக்குப் பூசி, அங்கங்கே தங்க ரேக்கை ஒட்டி, கடைசியில் கொஞ்சம் புகை காட்டி மங்கலாக்கிக் கொடுத்தார். எனக்கே இடம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. இப்படி மூடி விற்பது இந்தத் தொழிலில் என்ன பெயர் வாங்கும் என்று எனக்குத் தெரியும். வேறு யாராவது செய்தால் நானே அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டுவேன். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, நீங்கள் என்னை நம்பி முழுப் பக்கம் ஒதுக்கிய சிலையை என் அண்ணன் ஏலக்காயோடு சேர்த்து வறுத்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது?

அண்ணனைப் பற்றித்தான் பயமாக இருந்தது. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. காயைக் கையில் அள்ளி வாங்குகிறவரிடம் நீட்டும்போதே, கேட்காமலே, "அடியில கொஞ்சம் பிளந்த காய் கெடக்கு, பாத்துக்கங்க" என்றோ, "இது ரெண்டாம் எடுப்பு, நெறம் கம்மி" என்றோ சொல்லிவிடுவார். காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றுகிறவர்கள் இருக்கிற சந்தையில் இவர் இப்படி. கடையில் இருந்த காலத்தில் இதனாலேயே எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். அதனால் மெழுகு வைத்த அன்றே தெளிவாகச் சொன்னேன்: "அண்ணே, இந்த விசயம் நம்ம ரெண்டு பேரோட இருக்கணும். யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"நான் ஏன்டா சொல்றேன்? நாந்தானே கெடுத்தேன்" என்றார். அதோடு விடவில்லை. "ஒத்தையில எப்பிடித் தூக்குவ? நானும் வர்றேன்" என்றார். வேண்டாம் என்றேன். பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு போடி ஸ்டேஷனுக்குப் போனால் அங்கே எனக்கு முன்னால் வந்து, தோளில் துண்டோடு, டிக்கெட்டும் எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

சென்னையில் அந்த அலுவலகம் குளிர்ச்சியாக, சத்தமில்லாமல் இருந்தது. அண்ணன் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். சுவரோரம் வைத்திருந்த கற்சிலைகளையும் ஜாடிகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு என் காதில், "வாங்குறவங்களுக்கு சாம்பிள் எப்பிடிக் குடுப்பாங்க?" என்று கேட்டார். பேசாமல் இருங்கள் என்று கையைக் காட்டினேன்.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கையுறை போட்டுக்கொண்டு, பெட்டியிலிருந்து சிலையைத் தானே தூக்கி மேசையில் வைத்தார். தலையைப் பார்த்ததும், "ஆமா, நெஜமாவே சாய்ஞ்சிருக்கு" என்று சிரித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சின்ன டார்ச் விளக்கை அடித்து முகம், கை, முழங்கால் என்று பார்த்துக்கொண்டே வந்து முதுகுக்குத் திருப்பினார். விளக்கு பிடரியிலிருந்து இடுப்பு வரைக்கும் மெதுவாக இறங்கியது. எங்கும் நிற்கவில்லை. பிறகு குனிந்து மூக்கை வைத்துப் பார்த்தார்.

"ஏலக்காய் வாசனை வருதே சார்?"

"போடியிலேருந்து வர்றார் மேடம். எங்க ஊர்ல எல்லாத்துலயும் அந்த வாசனை இருக்கும்" என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பதில். அவர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

அந்தப் பெண் ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினார். பொருளின் நிலை: நன்று. வெடிப்பு, பழுதுபார்த்தல்: இல்லை. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை வாங்கினேன். படிவத்தில் எங்கே போடுவது என்று அவர் விரலால் காட்டினார். அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தது அவர் மூச்சு படுவதில் தெரிந்தது.

"தாயி, ஒரு நிமிசம்" என்றார் அண்ணன்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லிலேயே எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அது முதுகுல வெடிப்பு இருக்கு. மழையில நனஞ்சதுன்னு நாந்தேன் காய் ஸ்டோர்ல போட்டுக் காய வச்சேன். வெடிச்சுப் போச்சு. பயந்து போயி ஆசாரிகிட்டக் குடுத்து மெழுகு வச்சு மூடிட்டேன். எந்தம்பிக்கு இது ஒண்ணுந் தெரியாது. அவன் ஊருல இல்ல."

என் அண்ணன் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் அவர் சரியாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்போது நான் சொல்லியிருக்கலாம். மெழுகு வைக்கச் சொன்னது நான்தான், அவருக்கு அந்த ஆசாரி யாரென்றுகூடத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சிலையைப் போல நின்றுகொண்டு, அப்போதுதான் எல்லாம் தெரிந்தவனாக, "அண்ணே, என்னண்ணே இது?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் படிவத்தைக் கிழித்துவிட்டார். கோபப்படவில்லை. பெரிய ஏலத்தில் இனி வைக்க முடியாது, வெடிப்பையும் பூச்சையும் எழுதிச் சின்ன ஏலம் ஒன்றில் வைக்கலாம், விலை மிகவும் இறங்கும், சம்மதமா என்று கேட்டார். தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

திரும்பி வரும்போது மதுரை வரைக்கும் அண்ணனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தேன். மதுரை தாண்டியதும் தாங்க முடியாமல் பிடித்துக்கொண்டேன். "சொல்ல மாட்டேன்னுதானே வந்தீங்க? யாரு கேட்டா ஒங்ககிட்ட? அவங்களே பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. ஒரு கையெழுத்து, அஞ்சு நிமிசம், முடிஞ்சிருக்கும்."

"வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் நின்னேன்டா" என்றார். "மோந்து பாத்துக் கேட்டாங்கள்ல. சரக்க மோந்து பாத்துக் கேக்குறவங்ககிட்ட எப்பிடிப் பொய் சொல்றது?" அவர் உண்மையாகவே என்னிடம் பதில் எதிர்பார்த்துத்தான் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தேனி வந்ததும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் தெம்பில்லை.

சின்ன ஏலம் இரண்டு மாதம் கழித்து நடந்தது. என் சாமான் கடையில் நான் கணக்குப் பார்க்காமல், கூட்டிப் பெருக்காமல், போனை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அன்று ஏதோ சோலியாக ஊருக்குள் வந்தவர் என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மாலையில் அந்தப் பெண் கூப்பிட்டார். பர்மாக்காரர் போய்விட்டார். முதலில் சொன்ன மதிப்பில் பாதிகூட இல்லை. வாங்கியவர் புனேயில் இருக்கிறாராம்; வெடிப்பின் படத்தைத் தனியாகக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, பிறகும் விடாமல் கேட்டு எடுத்தாராம். தலை சாய்ந்திருப்பது பிடித்ததாம்.

என்னையும் தெரியாத, அண்ணனையும் தெரியாத ஒருவர். பதின்மூன்று வருடம் எதற்காகக் காத்திருந்தேனோ அது நடந்துவிட்டது, நான் கையெழுத்துப் போட்டிருந்தால் நடந்திருக்காத வழியில். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை.

"வேற ஏதாவது இருந்தா படம் அனுப்புங்க சார்" என்றார் அந்தப் பெண். "நேர்ல வரும்போது உங்க அண்ணனையும் கூட்டிட்டு வாங்க."

எதிரில் ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்தேன். இனியும் முடியவில்லை. எழுந்து வாசல் பக்கம் போய்ச் சொன்னேன்: "மேடம், அன்னைக்கு எங்கண்ணன் சொன்னதுல ஒண்ணு உண்மையில்ல. மெழுகு வைக்கச் சொன்னது நான்தான். எனக்கு எல்லாம் தெரியும்."

"தெரியும் சார்" என்றார் அவர், சாதாரணமாக. "அதனாலதான் அவரையும் கூட்டிட்டு வரச் சொல்றேன்."

போனை வைத்தேன். தெருவில் ஒரு ஜீப் லோடு இறக்கிக்கொண்டிருந்தது. உள்ளே வந்ததும் அண்ணன், "என்னப்பா, போச்சா?" என்று கேட்டார்.

"போச்சு. அடுத்தவாட்டி ஒங்களையும் வரச் சொல்றாங்க."

"என்னையவா? எதுக்கு?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நமக்கு எங்க நேரம்? காய் எடுப்பு கெடக்கு. நீயே வெரசாப் போயிட்டு வந்துரு."